சோம்பேறியைத் தேடி

பட்டணவாசியும் பட்டிக்காட்டானும், ஆஸ்திகரும் நாஸ்திகரும், இந்தக் கட்சிக்காரரும் அந்தக் கட்சிக்காரரும் சண்டை சச்சரவில்லாமல் ஒப்புக்கொள்ளுகிற விஷயம் என்று நம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 'இலவசத்தைக் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள்' என்பதுதான் அது. ரயிலில் எதிர் ஆசனத்தில் இருப்பவர் இதைச் சொல்லுவார். கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிற இடைவேளையில் பக்கத்து இலைக்காரர் சொல்லுவார். மாலையில் காலாற நடக்கும்போது ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், தம்முடைய பென்ஷன் போதவில்லை என்ற குறையைச் சொல்லி முடித்த கையோடு, இதையும் சொல்லுவார். கேட்கிறவர்களெல்லாம் தலையாட்டுவார்கள்.

நான் தலையாட்டுவதாக இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதை எழுதுகிறவனுக்குப் பொருளாதாரத்தில் என்ன ஜோலி என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 'சோம்பேறி ஏழை' என்று இவர்கள் சொல்லுகிறார்களே, அவன் பொருளாதாரப் புள்ளி அல்லன். அவன் ஒரு பாத்திரம். அவனுக்கு ஒரு திண்ணை இருக்கிறது. வாயில் வெற்றிலை இருக்கிறது. சர்க்கார் கொடுத்த டெலிவிஷன் முன்னே உட்கார்ந்து சர்க்கார் கொடுத்த அரிசியைத் தின்கிறான். கூப்பிட்டால் வேலைக்கு வர மாட்டேன் என்கிறான். இப்படி ஒரு பாத்திரத்தை யாரோ படைத்து நம் எல்லோர் மனத்திலும் நடமாட விட்டிருக்கிறார்கள். ஒரு பாத்திரம் உயிருள்ளதா, அட்டையில் வெட்டி ஒட்டியதா என்று பார்த்துச் சொல்லுவது என் தொழில். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி, மம்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கண்மாய்ப் பாசனமுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். கோடையில் அந்தப் பக்கம் போனால் சப்பட்டை மாம்பழ வாசனை வழியெல்லாம் கூடவே வரும். சில வருஷங்களுக்கு முன் அங்கே தோப்புக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், வந்தவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்.

"என்னத்தச் சொல்ல, அண்ணாச்சி! மாங்கா பறிக்க ஆள் இல்ல. தென்னைக்குப் பாத்தி கட்ட ஆள் இல்ல. எல்லாம் இந்த நூறு நாள் வேலை வந்து கெடுத்த கெடுப்பு. கார்டக் குடுத்து மரத்தடியில உக்கார வச்சுட்டானுக. இனிமே எவன் மம்பட்டியத் தொடுவான்?" என்றார்.

அவர் சொல்லியது முழுவதையும் கேட்டுக்கொண்டு, "உங்கள் ஊரில் நூறு நாள் வேலை உண்டா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சற்றுத் திகைத்தார். தேங்காய் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "எங்களுக்கு ஏது ஐயா நூறு நாளு? அது பஞ்சாயத்துக்காரங்களுக்கு. எங்க ஊரு டவுனாம்ல!" என்றாள்.

விஷயம் இதுதான். மம்சாபுரம் ஒரு பேரூராட்சி. 2005-ல் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. விருதுநகர் மாவட்டத்துக்கு அது 2008-ல் வந்தது. மாங்கொட்டையும் கண்மாய் மண்ணும் ஒன்றாக இருந்தாலும், காகிதத்தில் 'ஊராட்சி' என்று இருந்தால் வேலை உண்டு, 'பேரூராட்சி' என்று இருந்தால் இல்லை. நகரங்களுக்கென்று தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் ஒரு வேலைத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோதும் சில பேரூராட்சிகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஆக, நூறு நாள் வேலை எட்டிப் பார்க்காத ஊரில், அந்த வேலையினால் ஆள் கிடைக்கவில்லை என்று ஒருவர் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது மெய். காரணத்தைத்தான் கண்ணால் கண்டு சொல்லாமல், காதால் கேட்டுச் சொன்னார்.

ஆட்கள் எங்கே போனார்கள்? தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் ஒன்றும் இல்லை. கிழக்கே சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இருக்கின்றன. தெற்கே ராஜபாளையத்தில், 1936-ல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய ஆலையிலிருந்து வரிசையாக நூற்பாலைகள். அதற்கப்பால் சத்திரப்பட்டியில் உலகத்தின் புண்ணுக்கெல்லாம் கட்டுப்போடும் பாண்டேஜ் துணியை நெய்கிறார்கள். திருப்பூருக்கு இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாம். வாலிபர்கள் திண்ணையில் படுத்திருக்கவில்லை; வேறிடத்தில் வேலை செய்கிறார்கள். அந்த அம்மாளின் மகன் திருப்பூரில், மருமகள் மில்லில். தோப்புக்கு மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். அவளும் வேலையில்தான் இருந்தாள்!

சரி, பாத்திரத்தின் வரவு செலவைப் பார்ப்போம். நாவலில் ஒருவன் எப்படிப் பிழைக்கிறான் என்று சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பை இங்கேயும் காட்டுங்கள்.

நூறு நாள் வேலை என்பது பெயர். உண்மையில் நாடு முழுவதும் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் கிடைத்தது ஏறத்தாழ 50 நாள். தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். செய்த வேலையை அளந்துதான் கூலி போடுவார்கள்; ஆகவே முழுத் தொகையும் கைக்கு வருவது அபூர்வம். முழுதாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். 50 நாளுக்கு 16,800 ரூபாய். மாதத்துக்கு 1,400. இதோடு 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயைக் கூட்டுங்கள். 2,400 ஆயிற்று. நாலு பேர் உள்ள குடும்பத்தில் இது ஆளுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். மம்சாபுரத்தில் முதல் கணக்கு கிடையாது. எனவே ஆளுக்கு 8 ரூபாய் சில்லறை. ஒரு டம்ளர் டீக்குக் காணாது. அரிசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. மாதம் 20 கிலோ என்றால் நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம்.

ஐயா, இதை வைத்துக்கொண்டு ஒருவன் சோம்பேறியாக இருக்க முடியுமானால் அவனை ரிஷி என்று கும்பிட வேண்டுமே ஒழிய, திட்டக் கூடாது. சோம்பலுக்குக்கூட முதல் வேண்டும். வாடகை வருகிறவன், வட்டி வருகிறவன், அப்பன் சொத்து உள்ளவன் ஆகியோருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

இந்தக் குற்றச்சாட்டு நேற்று இன்று பிறந்ததல்ல; அதன் வயதையும் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1832-ல் ஏழைகளுக்கான நிவாரணத்தை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். ஊர் ஊருக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் எழுதியவர்கள் பாதிரிமார்கள், நீதிபதிகள், நிவாரண நிதியை நிர்வகித்தவர்கள். நிவாரணம் வாங்கியவனை யாரும் கேட்கவில்லை. நிவாரணம் உழைப்பைக் கெடுக்கிறது என்று 1834-ல் அறிக்கை வந்தது. அதன் பேரில் ஏழைகளைத் தொழிற்கூடங்களில் அடைத்தார்கள். புருஷனை ஒரு பக்கமும் பெண்டாட்டியை ஒரு பக்கமும் பிரித்து வைத்தார்கள். ஏறத்தாழ 130 வருஷங்கள் கழித்து, 1960-களில், மார்க் பிளாக் என்ற பொருளாதார ஆசிரியர் அந்தப் பழைய பதில்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். கமிஷனின் முடிவுக்கு அவர்கள் திரட்டிய விவரங்களிலேயே ஆதாரம் இல்லை என்று காட்டினார். அதற்குள் மூன்று தலைமுறை அங்கே அடைபட்டுச் செத்துவிட்டது.

கடல் கடந்து அந்த அபிப்பிராயம் நமக்கும் வந்து சேர்ந்தது. 1876-78 தாது வருஷத்துப் பஞ்சத்தில் சென்னை ராஜதானி கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற கனவானை வைஸ்ராய் அனுப்பி வைத்தார். பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைக்கிறவர்களுக்குக் கூலி அதிகம், அதனால் தேவையில்லாதவர்களெல்லாம் வந்து விழுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுதும் கல்லுடைக்க வேண்டும். இது உயிர் வாழப் போதாது என்று சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் போராடிப் பார்த்தார். எலும்புக்கூடுகளைப் பார்த்தே 'இவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள்' என்று கவலைப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றால், இன்று வயிறு அரை நிறைந்தவளைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களை என்ன சொல்ல!

டெம்பிள் அப்படிச் சொன்னார் என்றால், பார்த்து எண்ணிச் சொன்னவர்களும் நம் பக்கத்திலேயே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம்முடைய மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். வீடு வீடாகப் போய் நிலம் எத்தனை, மாடு எத்தனை, கடன் எத்தனை என்று கணக்கெடுக்கச் சொன்னார். அந்தக் கிராமங்களில் ஒன்று வடமலைபுரம். அன்று ராமநாதபுரம் ஜில்லா, இன்று நம் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரம். மம்சாபுரத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஸ்லேட்டரின் புஸ்தகம் 1918-ல் வந்தது. பிறகு 1930-களிலும் 1960-களிலும் 1980-களிலும் வேறு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அவற்றில் தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் ஒன்று. 1916-ல் அங்கே கடனால் கட்டுண்டு, பரம்பரையாக ஒரே பண்ணையில் உழைத்த படியாட்கள் இருந்தார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் அதே ஊருக்குப் போனபோது அந்தப் பழைய பிடி தளர்ந்திருந்தது. வெளியூர் வேலையும், ரேஷனும், சர்க்கார் திட்டங்களும் சேர்ந்து பண்ணையாரின் வாசலைத் தவிர வேறு வாசல்களையும் கூலிக்காரனுக்குத் திறந்துவிட்டிருந்தன.

'வேறு வாசல்' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். விவகாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இனி நம் காலத்து ஆராய்ச்சிக்கு வருகிறேன். நூறு நாள் வேலைத் திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் வரவில்லை. 2006-லிருந்து 2008-க்குள் படிப்படியாக வந்தது. முன்னால் வந்த மாவட்டங்களையும் பின்னால் வந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு இம்பெர்ட், பாப் என்ற இருவர் 2015-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வெளியில் கூலி வேலைக்குக் கிடைக்கும் சம்பளம் ஏறத்தாழ 5 சதவிகிதம் உயர்ந்திருந்தது. தனியார் கூலி வேலை சிறிது குறைந்தது. அந்த இடத்தைச் சர்க்கார் வேலை பிடித்துக்கொண்டது. திட்டம் நன்றாக நடந்த மாநிலங்களில்தான் இந்த மாறுதல் தெளிவாகத் தெரிந்தது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. இன்னொன்றும் சொன்னார்கள்: கூலி உயர்ந்ததால் ஏழைகளுக்கு லாபம், கூலிக்கு ஆள் வைக்கிற மேல்தட்டுக் குடும்பங்களுக்கு நஷ்டம். இதற்கு மேல் வெளிப்படையாக ஒரு விஷயத்தைப் புள்ளிவிவரத்தில் சொல்ல முடியாது.

அடுத்து, ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரன், நீஹவுஸ், சுக்தங்கர் ஆகிய மூவர் செய்த பெரிய ஆராய்ச்சி, 2023-ல் வெளியானது. 157 மண்டலங்கள், அவற்றில் வாழ்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர். சீட்டுக் குலுக்கிப்போட்டது போலச் சில மண்டலங்களைத் தேர்ந்து, அங்கே நூறு நாள் வேலையின் கூலி நடுவில் திருடு போகாமல் ஒழுங்காகக் கைக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்தார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் ஏறத்தாழ 14 சதவிகிதம் கூடியது. அதில் மிகப் பெரும் பங்கு சர்க்கார் கொடுத்த கூலியல்ல. தோட்டத்திலும் வயலிலும் வெளி வேலையிலும் சம்பாதித்தது! சர்க்கார் வேலை ஒழுங்காக நடந்த இடங்களில் வெளிக் கூலி உயர்ந்தது. வெளி வேலை நாட்களும் குறையவில்லை, கூடின. 'சோம்பேறி' அதிகமாக வேலை செய்திருக்கிறான், ஐயா!

இந்தியாவை விட்டு வெளியே போனாலும் கதை இதுதான். மெக்ஸிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா ஆகிய ஆறு தேசங்களில் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த ஏழு திட்டங்களை அபிஜித் பானர்ஜியும் அவர் தோழர்களும் சேர்த்துப் பார்த்து 2017-ல் எழுதினார்கள். பணம் வாங்கியதால் ஆணோ பெண்ணோ உழைப்பைக் குறைத்ததாக எங்கும் ஒழுங்கான சான்று இல்லை. அமெரிக்காவில் 1968-லிருந்து 1982 வரை நடந்த பரிசோதனைகளில் உழைப்பு கொஞ்சம் குறைந்தது உண்டு; அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குடும்பத் தலைவர்கள் குறைத்தது சிறிதளவே. மனைவியரும் பிள்ளைகளும்தான் சற்று அதிகம் குறைத்தார்கள். குழந்தையோடு ஒரு மணி நேரம் கூட இருந்த தாயைச் சோம்பேறி என்று சொல்லுகிற தைரியம் உங்களுக்கு உண்டா? எனக்கு இல்லை.

"பணமெல்லாம் சாராயக் கடைக்குத்தான் போகிறது" என்று ஒரு கட்சி உண்டு. அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எவன்ஸ், பொபோவா என்ற இருவர் பல தேசங்களில் நடந்த 19 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள்; உதவிப் பணத்தினால் குடியும் புகையிலையும் கூடவில்லை என்பது முடிவு. நம் ஊரில் ஆண்கள் குடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். கண்ணீர் வரவழைக்கும் விஷயம். ஆனால் 2003-லிருந்து கடை வைத்து விற்கிறவரும் சர்க்கார்தான் என்பதை மறந்துவிட்டு, வீட்டுக்காரியின் பெயருக்கு வந்த ஆயிரம் ரூபாயின் மேல் பழியைப் போடுவது என்ன நியாயம்?

பிறகு ஏன் இந்தக் கூச்சல்? இப்போது 'வேறு வாசல்' என்ற சொல்லுக்குத் திரும்புங்கள்.

நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் மில்லும் பட்டாசு ஆலையும் வேண்டாம் என்று கழித்துவிட்ட வயதுக்காரிகள். தோட்ட வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதியோ சற்று மேலோ என்பது நம் வழக்கம். சர்க்கார் வேலையில் இருவருக்கும் ஒரே கூலி. அந்தக் கூலியைக் கையில் வாங்கிய பெண் அடுத்த நாள் தோட்டக்காரரிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டாள்: "எம்புட்டுத் தருவீக?"

இந்தக் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. முன்பெல்லாம் ஆள் அனுப்பினால் வந்தாள்; கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனாள். இப்போது விலை கேட்கிறாள். கட்டாவிட்டால் வர மறுக்கிறாள். மறுப்பதற்குப் பெயர்தான் சோம்பல் என்று வைத்துவிட்டார்கள். துவரம்பருப்புக்காரன் விலை கேட்டால் வியாபாரம். வக்கீல் பீஸ் கேட்டால் தொழில். கூலிக்காரி கூலி கேட்டால் சோம்பேறித்தனம்! தமிழில் இப்படி ஒரு அகராதியை யார் போட்டார்கள்?

இது வெறும் திண்ணைப் பேச்சாக நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இந்தப் பேச்சு சட்டத்தில் ஏறிவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாளை 125 நாள் என்று கூட்டினார்கள், நல்லது. கூலிச் செலவு முழுவதையும் முன்பு மத்திய சர்க்கார் ஏற்றது. இனி நூற்றுக்கு நாற்பதைப் பெரும்பாலான மாநிலங்கள் கட்ட வேண்டும். அதன் பலனைப் போகப் போகப் பார்ப்போம். எனக்கு உறைத்தது வேறொரு விதி. விதைப்பும் அறுப்புமான மும்முரமான காலங்களில் மொத்தம் 60 நாட்களுக்கு இந்த வேலை நடக்கக் கூடாதாம். அதாவது, ஒரு கூலிக்காரிக்கு வருஷத்தில் எந்த நாட்களில் பேரம் பேசக் கொஞ்சம் பலம் உண்டோ, அந்த நாட்களாகப் பார்த்து வேறு வாசலைச் சாத்துகிறார்கள். தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்ன வாக்கியம் டில்லிக்குப் போய்ச் சட்டமாகத் திரும்பி வந்துவிட்டது. அவர் ஊரில் அந்தத் திட்டமே இல்லை என்பதை டில்லியில் யாரும் விசாரிக்கவில்லை.

இனி, இலவசம் என்ற வார்த்தைக்கு வருவோம். இளநீர் கொடுத்த அந்த நல்ல மனிதரின் தோப்பில் ஒரு பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டு மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. அவருடைய விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய். நான் இவற்றைக் குறை சொல்லவில்லை. விவசாயி பிழைக்க வேண்டும். இவையெல்லாம் இருந்தும் அவன் பிழைப்பு நாய் படும் பாடாகத்தான் இருக்கிறது. ஆனால் இலவச மின்சாரம் அவரைச் சோம்பேறியாக்கவில்லை, விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பாய்ச்ச வைத்தது என்றால், இலவச அரிசி மட்டும் அந்த அம்மாளை எப்படிச் சோம்பேறியாக்கும்? இரண்டு பேருக்கும் வயிறு ஒரே இடத்தில்தானே இருக்கிறது?

இன்னும் மேலே போங்கள். 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கம்பெனிகளின் வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆக இறக்கியது. வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று அன்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். கம்பெனி முதலாளிகள் இனிமேல் உழைக்க மாட்டார்கள், சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று எந்தப் பத்திரிகையாவது தலையங்கம் எழுதிற்றா? மாறாக, 'ஊக்கம்' என்று பெயர் வைத்தார்கள். பணக்காரனுக்குப் பணம் கொடுத்தால் ஊக்கம் பிறக்கிறது. ஏழைக்குப் பணம் கொடுத்தால் சோம்பல் பிறக்கிறது. ஒரே ரூபாய் நோட்டு, ஆளைப் பார்த்துக் குணம் மாறுகிறதாம்!

வாசகர்களே, நாமும் தப்ப முடியாது. சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் நம் பிள்ளைகள் கட்டுகிற கட்டணம் அந்தப் படிப்புக்கு ஆகும் செலவில் ஒரு துளி. மிச்சத்தைக் கொடுப்பவர்களில் மம்சாபுரத்து அம்மாளும் ஒருத்தி. தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நாம் கட்டுகிற அதே வரியை அவளும் கட்டுகிறாள். அவள் நம்மைப் பார்த்து, 'இலவசப் படிப்பைக் கொடுத்து இந்தப் பட்டணத்துப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எதிர்க் கட்சியில் சாரமுள்ள வாதங்கள் இல்லாமல் இல்லை. "ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள்" என்கிறார்கள். ஆமாம், ஓட்டுக்காகத்தான் கொடுக்கிறார்கள். ஓட்டு இல்லாவிட்டால் டெம்பிள் துரை கொடுத்த ஒரு பவுண்டுதான் கிடைக்கும் என்பதை 1877 காட்டிவிட்டது. ஏழையின் கையில் ஓட்டு என்ற ஒன்று இருப்பதால் அவனுக்கு ஏதோ கிடைக்கிறது என்றால், அது ஜனநாயகத்தின் குறையா, பெருமையா? "அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டலாமே" என்கிறார்கள். கட்டட்டும், கட்ட வேண்டும். ஆனால் இதே விருதுநகரில் பிறந்த காமராஜர் 1950-களில் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டதையும், எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்ததையும் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? சோறு இலவசமா, பள்ளிக்கூடமா? 1982-ல் ஊதாரித்தனம் என்று படித்தவர்கள் பலர் முகம் சுளித்த காரியத்தைத்தான் 2001-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. "மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்களே, கண்ணால் பார்த்தேனே" என்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். பதினொரு மணி வெயிலில் மண்வெட்டிய பிறகு கிழவிகள் மரத்தடியில்தான் உட்காருவார்கள். நம் ஆபீசுகளில் அதே பதினொரு மணிக்கு மின்விசிறிக்கு அடியில் உட்காருகிறோம். அதை 'டீ டயம்' என்கிறோம்.

மோசடியே இல்லை, வீண் செலவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. போலிக் கார்டு உண்டு. அளவில் திருட்டு உண்டு. கூலி மாதக்கணக்கில் தாமதமானதும் உண்டு. ஆந்திரத்து ஆராய்ச்சியின் பாடமே அதுதான்: ஒழுங்காகக் கொடுத்தால் பலன் பெருகுகிறது. திருடனைப் பிடியுங்கள், நானும் கூட வருகிறேன். திருட்டுக் கொடுத்தவளைப் பிடித்துச் சோம்பேறி என்று அடிக்காதீர்கள்.

என்னுடைய வேண்டுகோள் சிறியது. அடுத்த தடவை பந்தியில் பக்கத்து இலைக்காரர் அந்த வாக்கியத்தைத் தொடங்கும்போது, தலையாட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீங்கள் சொல்லுகிற சோம்பேறிக்கு மாதம் என்ன வரவு, அதில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? போன வருஷம் அவனுக்கோ அவளுக்கோ நீங்கள் கொடுத்த கூலி எவ்வளவு? இந்த வருஷம் அதைக் கூட்டிக் கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம், கூட்டிக் கொடுத்தும் வரவில்லை' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுகிற ஒருவரைச் சந்தித்தால் எனக்குத் தெரிவியுங்கள். அந்த ஊருக்கு நானே புறப்பட்டு வந்து அந்தச் சோம்பேறியைப் பார்க்கிறேன். இன்று வரை அப்படி யாரும் என் கண்ணில் படவில்லை.